முழங்கால் தண்ணீர் போதும்

"அந்தப் பொம்பளை எப்போதுதான் வாயைத் திறப்பாள்?" என்று வாராவாரம் கோபித்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இன்று திறக்கிறாள்.

இந்தப் பக்கத்தை இன்றுதான் புரட்டியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்ட கண்ணாடிக்காரர் கடையை விற்றுவிட்டார். இனிமேல் வருஷத்தில் பாதி நாள் படகில்தான் குடித்தனம் என்று கணவனும் மனைவியும் எப்போதோ பேசி வைத்தது, இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. மனைவி கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். வக்கீலும் சாட்சியும் ஜட்ஜும் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதி, தான் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்ததற்குச் சம்பளம் வாங்கியவள். வீட்டிலும் அதே வேலைதான். சம்பளம் மட்டும் கிடையாது.

அவர்களுக்கு ஒரே மகள். அப்பா நீட்டிய கடைச் சாவியை வாங்க மறுத்துவிட்டு, தெற்கே ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு மணல்திட்டுக்குப் போய்ச் சிப்பி வளர்க்கிறாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவள் இல்லாத பிள்ளை. இந்த வீட்டிலிருந்து யாரும் அங்கே போகக்கூடாது என்று அவர் போட்ட உத்தரவுக்கு இரண்டு வருஷமாகிறது. இரண்டு வருஷமாக ஸ்டெனோ தன் மகளைக் கண்ணால் பார்க்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடிக்காரர், "நாளைக்குக் காலையில படகை முடிச்சிடலாம்" என்று அறிவித்துவிட்டுக் கைகழுவப் போனார். அறிவித்தார் என்றுதான் எழுத வேண்டும், அந்த வீட்டில் அவர் யாரையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஸ்டெனோ மேஜையைத் துடைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய்ப் படகுத் தரகருக்குப் போன் போட்டு, இன்னொரு படகையும் காட்ட வேண்டும், அதுவும் கடல் வற்றியிருக்கிற நேரத்தில் காட்ட வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

விடிந்தது. வாசலில் ஹாரன் கேட்டது. நாத்தனார் வந்துவிட்டாள்.

கண்ணாடிக்காரரின் தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளுடைய காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அண்ணன் வழக்கம்போல ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் தன் காலடியில் இருந்த பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தாள். தான் ரொம்ப நிதானமாக ஓட்டுகிறவர் என்று கண்ணாடிக்காரர் நம்பிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

படகைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஓட்டத் தெரியாது என்பதைத் தவிர. கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் படகுப் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்தவர். ஓட்டக் கற்றுக்கொண்டது பெண்கள் இருவரும்தான். கல்யாணமான புதிதில் எலியும் பூனையுமாக இருந்த அண்ணியும் நாத்தனாரும், வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளப்புக்குப் போய், ஒரே சின்னப் பாய்ப்படகில் ஏறி, ஒன்றாகக் கவிழ்ந்து, ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டை போட ஒன்றும் பாக்கி இல்லை.

பெரிய படகு ஆழமான படகுத்துறையில், கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் நின்றது. முப்பத்தெட்டு அடி நீளம். பக்கத்தில் பக்கமாக இரண்டு உடல் கொண்ட இரட்டைப் படகு, அந்த இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு ஹால். ஹால் என்றால் சும்மா இல்லை, சோபா போட்டு, ஃப்ரீசர் வைத்து, எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட மேஜை போட்ட ஹால். நாலு படுக்கையறை. கண்ணாடிக்காரர் அதன் நடுவே போய் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தி, கூரை இடிக்கவில்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டார்.

"வீடு மாதிரியே இருக்குல்ல?" என்றார்.

மாதிரி என்ன, வீடேதான் என்று ஸ்டெனோ நினைத்தாள். அந்த மேஜையையும் அவள்தான் துடைக்க வேண்டியிருக்கும்.

தரகர் பேசிக்கொண்டே போனார். அவருடைய பேச்சு முழுக்க 'சார், சார்' என்று ஒரே பக்கமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஸ்டெனோ குறுக்கிட்டு, இந்தப் படகு தண்ணீருக்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்று கேட்டாள். தரகர் நாலடி என்று சாரைப் பார்த்துச் சொன்னார்.

"சாமான் ஏத்தின பிறகா, ஏத்தாமலா?"

தரகர் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். ஏற்றாமல்தான் நாலடி, ஃப்ரீசர் நிறைந்து, தண்ணீர்த் தொட்டி நிறைந்து, ஆட்களும் ஏறினால் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று ஒப்புக்கொண்டார். தரை தட்டினால் என்ன ஆகும் என்று நாத்தனார் கேட்டாள். தட்டக்கூடாது, தட்டினால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற எஞ்சின் காலும் சுக்கானும் போய்விடும் என்றார்.

"அப்ப மணல்திட்டுப் பக்கம் இது போகாது" என்றாள் ஸ்டெனோ.

எங்கோ ஒரு கயிறு பாய்மரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். அங்கே போகிற வேலை நமக்கு இல்லை, நாம் வடக்கே போகிறோம், அந்தப் பக்கம் முழுக்க நல்ல ஆழம், நல்ல துறைமுகங்கள் என்று தரகருக்குச் சொல்வதுபோல மனைவிக்குச் சொன்னார்.

இத்தனை நாளாக ஸ்டெனோவுக்குப் பட்டும் படாமலும் இருந்தது இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. இவர் நாலடிப் படகைப் பிடித்தது சோபாவுக்காக இல்லை, கூரைக்காக இல்லை. இதில் ஏறினால் மகள் வீட்டுக்குப் போகவே முடியாது. போகாமல் இருப்பதற்குக் கடலே காரணமாகிவிடும், இவர் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. அழுகை வரவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இன்னொரு படகு இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போகலாம்" என்றாள்.

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எந்தப் படகு, யார் சொன்னது என்று தரகரைக் கேட்டார். தரகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, அம்மாதான் போன் பண்ணினாங்க என்றார். நாத்தனார் அதற்குள் படியிறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

படகு பழுது பார்க்கிற கொட்டகைகளுக்குப் பின்னால், கடல் தண்ணீர் வந்து போகிற ஒரு கழி. கடல் நன்றாக வற்றி, திரும்பி ஏற ஆரம்பிக்கிற நேரம். தண்ணீர் இருந்த இடமெல்லாம் பழுப்புச் சேறு பளபளத்தது. நடுவில் ஒரே ஒரு வாய்க்கால் மட்டும் மெலிசாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற படகுகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கள் குடித்தவர்கள் மாதிரி கிடந்தன. இதுவும் இரட்டை உடல் படகுதான், இது மட்டும் சேற்றில் இரண்டு காலையும் ஊன்றி, நேராக உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு அடி. வெள்ளை எப்போதோ மஞ்சளாகிவிட்டது. ஜன்னல் ஓரத்தில் பாசி.

"இதுவா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் காலில் இருந்தது பாலிஷ் போட்ட தோல் ஷூ. கழியின் கைப்பிடிச் சுவரோடு நின்றுவிட்டார். ஸ்டெனோ செருப்பைக் கழற்றினாள், சேலையை இழுத்துச் செருகினாள், சேற்றில் இறங்கினாள். முதல் அடியிலேயே கெண்டைக்கால் வரை புதைந்தது. நாத்தனார் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தரகரும் வேறு வழியில்லாமல் வந்தார்.

பெண்கள் இருவரும் அந்தப் படகைப் பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே ஏறவே இல்லை, முதலில் அடியில் போனார்கள். இரண்டு உடல்களின் அடியிலும் குட்டையாக, தடிமனாக கீல் என்கிற அடிக்கட்டை ஓடியது. அதன்மேல்தான் படகு உட்கார்ந்திருக்கிறது. சேற்றைக் கையால் வழித்து, அந்தக் கீல் எங்கேயாவது தேய்ந்து நார் தெரிகிறதா என்று ஸ்டெனோ தடவிப் பார்த்தாள். நாத்தனார் விரல் முட்டியால் படகின் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது. அங்கே உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது, செப்பனிட வேண்டும் என்று தரகரே சொல்லிவிட்டார். சுக்கான் இரண்டும் கீழே எதிலாவது இடித்தால் பின்பக்கமாக மடங்கி மேலே வந்துவிடும். எஞ்சினும் அப்படியே, பின்னால் மாட்டுகிற சின்ன எஞ்சின், ஒரு கயிற்றை இழுத்தால் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். ஸ்டெனோ இழுத்துப் பார்த்தாள். வந்தது.

குறையும் இருந்தது, பூசி மெழுக ஒன்றும் இல்லை. இரண்டு உடல்களுக்கும் நடுவே உள்ள தளம் தண்ணீரிலிருந்து அதிக உயரம் இல்லை. எதிர்க்காற்றில் போனால் அலை அடியிலிருந்து அறையும். சாமான் ஏற்ற ஏற்ற அறை பலமாக விழும். அதனால் ஆளுக்கு ஒரே ஒரு பை என்று பெண்கள் இருவரும் முந்தைய ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்திருந்தார்கள். உள்ளே ஏறினால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு படுக்கை, ஒரு அடுப்பு, ஆள் திரும்ப முடியாத ஒரு கழிப்பறை. நடுவில் உட்காரலாம், நிற்க முடியாது. ஸ்டெனோ நிற்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டாள். நாத்தனார் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவளும் இடித்துக்கொண்டாள். பழைய மெத்தையின் புழுங்கல் வாடை வீசியது. அந்த வாடை ஸ்டெனோவுக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஜன்னல் வழியாகக் கழியைப் பார்த்தாள். மகள் இருக்கிற திட்டிலும் இதே சேறுதான், இதே வற்றல்தான். அங்கே கால் நட்டுக் கட்டிய ஒரே அறை, அதில் ஒரே கட்டில். கடல் வற்றும்போதெல்லாம் சிப்பித் தட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும் என்பதால் பெண்ணால் அங்கிருந்து நகர முடியாது. வாரம் ஒருமுறை போகிற சாமான் படகில் போனால் அதே படகில் உடனே திரும்பிவிட வேண்டும். அரைமணி நேரம் பார்த்துவிட்டு வருவதற்கு ஜெயிலில் மனு போட்டுப் பார்ப்பதுபோல எதற்கு? இந்தப் படகு என்றால் அவள் வாசலுக்கு எதிரிலேயே போய் நிற்கும். கடல் வற்றினால் தரையில் உட்கார்ந்துகொள்ளும், ஏறினால் மிதக்கும். ஒரு மாதம் இருக்கலாம். மகளுடைய தட்டுகளைத் திருப்பிப் போடலாம்.

"என்ன, உள்ளேயே குடியேறியாச்சா?" என்று சுவரிலிருந்து குரல் வந்தது.

ஸ்டெனோ வெளியே வந்து படகின் முன்பக்கத்தில் நின்றாள். சேற்றுக்கு அந்தப் பக்கம் சுவர்மேல் அவர். நடுவில் கத்திப் பேச வேண்டிய தூரம்தான், ஆனால் அவள் கத்தவில்லை. கோர்ட்டில் பழகிய காது எப்படிப் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று அறியும்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு. இதைத்தான் வாங்கப் போறேன்."

அவர் சிரித்தார். விளையாடாதே, ஏறி வா, நேரமாகிறது என்றார். பழைய ஓட்டை, பாதி வழியில் பிரிந்து போகும் என்றார். பிறகு உண்மையிலேயே மனசில் இருந்ததைச் சொன்னார்.

"அதுல நான் நிமிர்ந்து நிக்கக்கூட முடியாது."

"அப்ப குனிஞ்சு நில்லுங்க."

தரகர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் அண்ணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடிக்காரரின் மூக்கு விடைத்தது. இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியாதா, நீ எங்கே போகப் பார்க்கிறாய் என்று தெரியாதா, நான் அன்றைக்குச் சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. அதுவும் ஒரு ஸ்டெனோவிடம்.

"மறக்கல. அப்படியே சொல்றேன். 'அவ வாசலை நான் மிதிக்க மாட்டேன், இந்த வீட்டுலேருந்து வேற எவரும் மிதிக்கக்கூடாது, மிதிச்சா எனக்கும் அவங்களுக்கும் பேச்சில்ல.' சொல்லிட்டு ஒரு டம்ளர் தண்ணி கேட்டீங்க. நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்."

ஒரு சொல்கூட மாறவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"வாசலை மிதிக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. தண்ணியில நிக்கக்கூடாதுன்னு சொல்லல. கோர்ட்டா இருந்தா அது போதும், கேஸ் என் பக்கம்தான். ஆனா எனக்கு அந்தச் சாக்கு வேணாம்." சேறு பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நான் அவ வாசலை மிதிக்கத்தான் போறேன். உள்ள போய் அவ கட்டில்ல உக்காரத்தான் போறேன். நீங்க பேசாம இருந்தா இருங்க. ரெண்டு வருஷமா நீங்க பேசி நான் கேட்டதுல எனக்கு என்ன கிடைச்சுது?"

கண்ணாடிக்காரர் தங்கையைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற பார்வை.

"என்னைப் பார்க்காதண்ணே" என்றாள் தங்கை. "எனக்கு ஒரு பையை எடுத்து வச்சாச்சு."

அவர் திரும்பினார். கொட்டகைகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து மறைந்தார். போகிற போக்கில் ஷூவில் சேறு பட்டது, குனிந்து துடைக்கவில்லை. பின்னாலேயே ஓடிப் போய்ச் சமாதானம் சொல்லும் பழக்கத்தில் ஸ்டெனோவின் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவசியமே இல்லை, கால் தானாகவே நின்றுவிட்டது.

பேப்பரை யார் பேரில் எழுதுவது என்று தரகர் மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம், சார் நின்ற இடத்தைப் பார்த்தார். சார் அங்கே இல்லை.

"என் பேர்ல" என்றாள். தன் ஓய்வுப் பணத்தில் எழுதிய காசோலையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஈரம் இறங்கிய இடத்தைச் சரிசெய்து தர வேண்டும், சுக்கான் முளை இரண்டும் புதிதாகப் போட வேண்டும், மெத்தை வேண்டாம், நாங்களே தைத்துக்கொள்கிறோம் என்றாள். தரகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் கரைக்குப் போக வேண்டும் என்று சேற்றில் இறங்கி ஓடினார். நீங்கள் வரவில்லையா என்று திரும்பிக் கேட்டார். படகு எப்படி மிதக்கிறது என்று பார்க்காமல் எப்படி வாங்குவது என்று நாத்தனார் பதிலுக்குக் கேட்டாள்.

கழியில் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. வாய்க்கால் அகன்றது, சேற்றின் பளபளப்பு மறைந்தது, கீல் மூழ்கியது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று காலுக்கடியில் ஒரு மெல்லிய அசைவு. ஒரு பக்கம் எழுந்து, இன்னொரு பக்கமும் எழுந்து, படகு தரையை விட்டு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டெனோ சந்தோஷமாக இருந்தாள். பயமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

அப்போது தரகர் சுவர்மேல் ஏறி நின்று கையை ஆட்டினார். காதில் போன். ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள், சார் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார், பெரிய படகை முடிக்கச் சொல்கிறார் என்றார். கடை விற்ற பணம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் அம்மா கையெழுத்தும் வேண்டுமாம். உடனே வரச் சொல்கிறாராம்.

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். கழியில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. இறங்கி நடந்தால் சேலை நனையும், அவ்வளவுதான். சேற்றில் புதைந்து வந்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயம் இல்லை. அது தரகருக்கும் தெரியும்.

"கடல் ஏறிடுச்சு, இறங்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் ஸ்டெனோ. "வத்தினதும் வரேன்னு சொல்லுங்க. வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க."

தரகர் தயங்கினார். பிறகு போனில் வாயை வைத்து, அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. அவர் வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்டெனோ தன் போனை எடுத்தாள். மகள் எடுத்தபோது பின்னால் காற்றும் சிப்பித் தட்டுகள் உரசுகிற சத்தமும் கேட்டன. என்னம்மா இந்த நேரத்தில் என்று கேட்டாள் மகள்.

"உன் வாசலுக்கு முன்னால தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"கடல் வத்தினா முழங்கால் அளவு. எதுக்கும்மா?"

"போதும். நாங்க படகோட வரோம்."

அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தம் நின்றது. கையில் இருந்ததை மகள் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"அப்பா சம்மதிச்சுட்டாரா?"

"நான் சம்மதிச்சுட்டேன்" என்றாள் ஸ்டெனோ.